ஐஸ் தண்ணீர் கூலரை மேஷ் டன்னாக மாற்றுவது: துளையிலிருந்து வடிகட்டி வரை

கேள்வி இது: கேட்டவர் அமெரிக்காவில் வசிக்கிறார், வீட்டிலேயே பீர் தயாரிக்கத் தொடங்கியிருக்கிறார். இதுவரை கடையில் கிடைக்கும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்றைக் கரைத்துச் செய்தவர், இனி தானியத்திலிருந்தே தொடங்க நினைக்கிறார். கையில் 10 கேலன் கொள்ளளவுள்ள ஆரஞ்சு நிற உருளைக் கூலர் இருக்கிறது. விளையாட்டு மைதானத்திலும் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் குடிதண்ணீர் வைப்பார்களே, அதே கூலர்தான். இதை மேஷ் டன்னாக, அதாவது மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்துச் சாறு வடிக்கும் பாத்திரமாக, மாற்ற முடியுமா, என்னென்ன பாகங்கள் வேண்டும், எங்கே சொதப்பும் என்று கேட்கிறார்.

தாராளமாக முடியும். அங்கே வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களில் பெரும்பகுதியினர் தானியத்துக்கு மாறும்போது எடுக்கும் முதல் பாத்திரம் இதுதான். வேலையைத் தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். மேஷ் டன் செய்வது இரண்டே வேலை. ஊறவைத்த மால்ட்டை, அதாவது மேஷை, ஒரு மணி நேரம் சூடு இறங்காமல் வைத்திருக்க வேண்டும்; பிறகு இனிப்புச் சாற்றை, அதாவது வோர்ட்டை, தெளிவாக வெளியே விட வேண்டும். முதல் வேலையைக் கூலரின் நுரைச்சுவர் பார்த்துக்கொள்கிறது. இரண்டாவதை நீங்கள் பொருத்தப்போகும் சல்லடை செய்யும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வடிகட்டுவது பார்லியின் உமி. உமி படுகையாகப் படிந்து, அதன் ஊடே சாறு இறங்கும்போதுதான் தெளிகிறது. சல்லடையின் வேலை அந்தப் படுகை குழாய்க்குள் போய்விடாமல் தாங்குவது மட்டும். இது புரிந்தால் பணத்தை எங்கே செலவழிப்பது, கவனத்தை எங்கே வைப்பது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கூலரைச் சோதிப்பதிலிருந்து ஆரம்பிப்போம். பழைய கூலர் என்றால் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். மீன் வைத்திருந்த கூலர் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக்கில் ஏறிய கவிச்சி எத்தனை முறை கழுவினாலும் வெந்நீர் பட்டதும் மறுபடி எழும். உட்சுவரில் வெடிப்பு இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். அது வழியாக வோர்ட் நுரைக்குள் இறங்கிப் புளிக்கும், அதைக் கழுவி எடுக்க வழியே கிடையாது.

அடுத்து வெப்பச் சோதனை. 70 டிகிரி செல்சியஸில் 15 லிட்டர் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். 10 நிமிடம் கழித்து ஒரு முறை, அதிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை அளவெடுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒன்று முதல் இரண்டு டிகிரி இறங்கினால் கூலர் நல்ல நிலையில் இருக்கிறது. மூன்று, நான்கு டிகிரி இறங்கினால் சந்தேகம் மூடிமேல் விழ வேண்டும். பல கூலர்களில் சுவரில் நுரை இருக்கும், மூடியோ வெறும் காற்றடைத்த கூடு. மூடியின் மேற்பக்கத்தில் மூன்று சிறு துளை போட்டு, ஜன்னல் கதவுச் சட்டத்துக்கு அடிக்கும் குறைவாக விரியும் நுரையைச் செலுத்தி ஒரு நாள் காயவிட்டால் சரியாகிவிடும். அதிகமாக விரியும் நுரையை அடித்தால் மூடி உப்பிக்கொண்டு திருகவே வராது. நுரை உட்பக்கம் வந்து வோர்ட்டைத் தொடக்கூடாது என்பதால்தான் துளையை மேலே போடச் சொல்கிறேன்.

இந்தக் கூலர்கள் குளிர்பானத்துக்காகச் செய்யப்பட்டவை. பலவற்றில் அப்படியே எழுதியும் இருக்கும். 65 முதல் 70 டிகிரி மேஷை அவை தாங்குகின்றன. கொதிக்கும் தண்ணீரை நேரே ஊற்றினால் உட்சுவர் இளகி உள்பக்கம் உப்பிவிடும். வெறும் கூலரில் 80 டிகிரிக்கு மேல் எதையும் ஊற்றாதீர்கள்.

இனி குழாய். ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்டிக் பொத்தான் குழாயின் உட்பக்க நட்டைக் கழற்றினால் துளை வெளிப்படும். அதை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். அரை இஞ்ச் நிப்பிளின், அதாவது இரு முனையிலும் மரை உள்ள குட்டைக் குழாயின், வெளிவிட்டம் 21.3 மி.மீ. துளை 22 முதல் 25 மி.மீ.க்குள் இருந்தால் அரை இஞ்ச் பொருந்தும். துளை சிறியது என்றால் ட்ரில்லால் பெரிதாக்கப் பார்க்காதீர்கள், உட்சுவர் பிளாஸ்டிக் ஓரம் கிழியும். அதற்குப் பதில் 17 மி.மீ. வெளிவிட்டமுள்ள 3/8 இஞ்ச் நிப்பிளுக்குப் போய்விடுங்கள். ஒரு தடவைக்கு 19 லிட்டர் பீர் என்ற அளவுக்கு அது ஓட்டத்தில் பெரிய குறை வைக்காது.

அரை இஞ்ச் அளவுக்கு வாங்க வேண்டியவை: சுவரின் கனத்தைவிட ஏறக்குறைய 25 மி.மீ. நீளம் கூடுதலான எவர்சில்வர் நிப்பிள் ஒன்று, எவர்சில்வர் பால் வால்வு (உள்ளே உருண்டை சுழன்று திறந்து மூடும் வால்வு) ஒன்று, 21 மி.மீ. உள்விட்டமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள சிலிக்கான் ஓ-ரிங் இரண்டு. உள்துளை 22 மி.மீ. உள்ள அகலமான எவர்சில்வர் வாஷர் நான்கைந்து, லாக் நட் ஒன்று, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என ஹோஸ் மாட்டும் முனை இரண்டு, டெஃப்லான் டேப், ஹோஸ் கிளாம்ப், உணவுத்தரச் சிலிக்கான் ஹோஸ் ஒன்றரை மீட்டர். சாதாரண வினைல் ஹோஸ் இந்தச் சூட்டில் தொளதொளத்து வளைவில் மடங்கிக்கொள்ளும்.

மரை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவிலும் கனடாவிலும் குழாய் மரை என்.பி.டி. வகை, இந்தியா, இலங்கை, பிரிட்டன் எல்லாம் பி.எஸ்.பி. வகை. அரை இஞ்ச் அளவில் இரண்டுக்குமே இஞ்சுக்கு 14 மரை. ஆகவே ஒன்றுக்குள் ஒன்று இரண்டு மூன்று சுற்று நன்றாகவே ஏறும். ஆனால் மரையின் கோணம் வேறு: ஒன்றில் 60 டிகிரி, மற்றதில் 55. எவ்வளவு டேப் சுற்றினாலும் சொட்டிக்கொண்டே இருக்கும். ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த பால் வால்வை அமெரிக்காவில் வாங்கிய நிப்பிளில் மாட்டிவிட்டுக் கசிவு எங்கே என்று தேடுவது இப்படித்தான். எல்லாப் பாகங்களையும் ஒரே வகையில் வாங்குங்கள்.

பித்தளை விலை குறைவு, அதைப் போடலாமா என்றால் போடலாம். பித்தளையின் மேற்பரப்பில் துளி ஈயம் ஒட்டியிருக்கும். வெள்ளை வினிகர் இரண்டு பங்கு, மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பங்கு கலந்து அதில் பாகங்களைப் போட்டால் சில நிமிடங்களில் வெண்ணெய் நிற மஞ்சளுக்கு மாறும். மாறியதும் எடுத்துக் கழுவிவிடுங்கள். கரைசல் பச்சையாகத் தொடங்கினால் செம்பும் கரைகிறது என்று அர்த்தம், அதற்குமேல் விடக்கூடாது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பாகங்களை மட்டும் தொடாதீர்கள். வோர்ட் புளிப்புத் தன்மை உள்ளது, பூச்சைக் கரைத்துவிடும்.

பொருத்தும் வரிசையில்தான் பாதி வெற்றி இருக்கிறது. கூலருக்கு உள்ளிருந்து வெளியே வரும் ஒழுங்கு: ஹோஸ் முனை, எவர்சில்வர் வாஷர், ஓ-ரிங், கூலர் சுவர், இரண்டாவது ஓ-ரிங், வாஷர், லாக் நட், கடைசியாகப் பால் வால்வும் அதில் வெளி ஹோஸ் முனையும். உட்பக்க ஓ-ரிங் நேரே உட்சுவரில் அழுந்தி உட்கார வேண்டும். வெளியே மட்டும் அடைத்துவிட்டு ஒரு சொட்டும் வரவில்லை என்று திருப்திப்படுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் வோர்ட் துளை வழியாக இரண்டு சுவருக்கும் நடுவே நுரையில் ஊறிக்கொண்டிருக்கும். வெளியே தெரியாது, ஒரு மாதத்தில் நாற்றம் சொல்லும்.

என்.பி.டி. மரை கூம்பு வடிவம். ஆகவே நட் ஓரளவுக்கு மேல் ஏறாமல் இறுகி நின்றுவிடும், ஓ-ரிங் இன்னும் அழுந்தியிருக்காது. அந்த இடைவெளியை வாஷர்களை அடுக்கி நிரப்பத்தான் நான்கைந்து வாங்கச் சொன்னேன். ஸ்பேனர் போட்டு முறுக்கி ஈடுகட்டப் பார்த்தால் பிளாஸ்டிக் சுவர் குழிந்து கசிவு அதிகமாகும். கையால் இறுக்கி, அதன்மேல் ஸ்பேனரில் கால் சுற்று போதும். ஓ-ரிங் பிதுங்கினால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள். பிறகு தண்ணீர் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து, ஓர் இரவு விடுங்கள். பச்சைத் தண்ணீரில் தேறினால் மறுநாள் 70 டிகிரித் தண்ணீரில் ஒரு மணி நேரம் பாருங்கள். பிளாஸ்டிக்கும் உலோகமும் ஒரே அளவில் விரிவதில்லை, சூட்டில் மட்டும் சொட்டும் இணைப்புகள் இருக்கின்றன.

சல்லடைக்கு இரண்டு வழி. ஒன்று, கூலரின் அடிக்குப் பொருந்தும் 12 இஞ்ச் எவர்சில்வர் துளைத்தட்டு. மற்றது, வாட்டர் ஹீட்டருக்கோ கழிவறைத் தொட்டிக்கோ போடும் பின்னல் ஹோஸின் மேல் உறை. ஓரிகான் மாநிலத்து டென்னி கான் பரவலாக்கிய இந்த முறை மலிவானது; 19 லிட்டர் பீருக்கு எந்தக் குறையும் வைப்பதில்லை. நான் சொல்வதும் இதைத்தான். ஹோஸின் இரு முனை நட்டையும் ரம்பத்தால் அறுத்து எறிந்துவிட்டு, பின்னலை இரு பக்கமிருந்தும் நடுவை நோக்கி நெருக்கித் தளர்த்தினால் உள்ளிருக்கும் ரப்பர்க் குழாய் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கிடைத்த உலோகக் கூட்டை 30 செ.மீ. நீளத்துக்கு வைத்துக்கொண்டு, ஒரு முனையை மூன்று முறை மடித்துத் தட்டி நசுக்கிவிடுங்கள். மறு முனையை ஒரு துண்டுச் சிலிக்கான் ஹோஸின்மேல் ஏற்றிக் கிளாம்பால் இறுக்கி, ஹோஸை உள்முனையில் மாட்டினால் முடிந்தது.

வாங்கும்போது பின்னல் உண்மையான எவர்சில்வரா என்று பாருங்கள். பளபளக்கும் சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் பின்னலும் அதே அலமாரியில் தொங்கும். அது மேஷின் சூட்டில் துவண்டு, தானியத்தின் பாரத்தில் தட்டையாகிவிடும். நல்ல பின்னலுக்குள்ளும் தடித்த எவர்சில்வர் கம்பியை ஸ்பிரிங்போலச் சுருட்டி நுழைத்துவிடுவது நல்லது. ஐந்து நிமிட வேலை, பின்னல் நசுங்கி ஓட்டம் நிற்கும் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

வெளியேறும் துளை கூலரின் தரையைவிடச் சற்று உயரத்தில் இருக்கும். பின்னல் தரையோடு படுத்திருந்து, இணைப்புகளில் காற்று புகாமல் இருந்தால், சைஃபன் இழுப்பில் துளைக்குக் கீழே உள்ளதும் வந்துவிடும். 4 லிட்டர் தண்ணீர் ஊற்றி வடித்துவிட்டு, தங்கியதைச் சாய்த்து ஊற்றி அளந்துபாருங்கள். அரை லிட்டருக்குள் இருந்தால் நல்லது. இரண்டு லிட்டர் தங்கினால் உள்முனைக் கிளாம்பில் காற்று இழுக்கிறது.

பாத்திரம் தயார். அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் கணக்கோடு சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கூலரின்மேல் விழும் பழிகளில் பாதி இங்கே நடப்பவை. 19 லிட்டர் பீருக்கு 5 கிலோ பேல் மால்ட் (வெளிர்நிற மால்ட்) என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 2.7 லிட்டர் வீதம் 13.5 லிட்டர் வெந்நீர். மேஷ் 67 டிகிரியில் நிற்க வேண்டும். வெந்நீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதற்கு வாய்ப்பாடு: 0.41ஐ லிட்டர்–கிலோ விகிதத்தால் வகுத்து, வேண்டிய வெப்பத்துக்கும் தானியத்தின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, வேண்டிய வெப்பத்தோடு கூட்டுங்கள். தானியம் 20 டிகிரியில் இருந்தால் 0.41 ÷ 2.7 × 47 + 67, அதாவது 74 டிகிரி.

இந்தக் கணக்கு கூலர் குடிக்கும் சூட்டைச் சேர்க்கவில்லை. அதற்கு எளிய வழி இருக்கிறது. தண்ணீரை 78 டிகிரியில் கூலரில் ஊற்றி மூடிப் 10 நிமிடம் விடுங்கள். சுவர் தனக்கு வேண்டியதைக் குடித்த பிறகு மூடியைத் திறந்து கிளறி, 74க்கு வந்ததும் தானியத்தைப் போடுங்கள். உப்புமாவுக்கு ரவை போடுவதைப்போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக்கொண்டே கிளற வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் உள்ளே உலர்ந்த உருண்டைகள் நின்றுவிடும், அந்த மாவு கடைசிவரை சர்க்கரையாக மாறாது. நன்றாகக் கிளறியபின் நடு, ஓரம், அடி என மூன்று இடங்களில் வெப்பமானியை வையுங்கள். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். கிளறாத மேஷில் மூன்று நான்கு டிகிரி வித்தியாசம் சாதாரணம்.

64இல் நின்றுவிட்டதா? 1.4 லிட்டர் கொதிநீர் ஊற்றிக் கிளறினால் 67க்கு வரும். 70ஐத் தாண்டிவிட்டால் உடனே மூடியைத் திறந்து கிளறுங்கள், தேவைப்பட்டால் அரை லிட்டர் குளிர்ந்த நீர் சேருங்கள். இதில் தாமதிக்கக்கூடாது. மாவுச்சத்தை எளிதில் நொதிக்கும் மால்ட்டோஸாக வெட்டும் பீட்டா அமைலேஸ் என்ற நொதி அந்தச் சூட்டில் விரைவாகச் செயலிழக்கும், பிறகு குளிர்வித்தாலும் திரும்பாது. பீர் கனமாக, இனிப்பு மிஞ்சி நிற்கும். 65 பக்கம் வைத்தால் உலர்ந்த பீர், 69 பக்கம் வைத்தால் வாய் நிறையும் பீர்.

இந்த அளவில் மேஷ் கூலருக்குள் ஏறக்குறைய ஒரு சாண் ஆழம் நிற்கும், படுகைக்கு அது நல்ல ஆழம். மேலே நிறைய வெற்றிடம் இருப்பதால், மேஷின்மேல் அலுமினியத் தாள் ஒன்றை விரித்து மூடுங்கள். 10 கேலன் கூலரில் 10 கிலோ தானியம்வரை போகலாம். 5 கேலன் கூலர் என்றால் 5 கிலோதான் எல்லை.

ஒரு மணி நேரம் ஆனதும் வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு வோர்ட் விட்டு, அயோடின் டிங்சர் ஒரு துளி சேருங்கள். கருநீலம் ஆனால் மாவுச்சத்து இன்னும் இருக்கிறது, பதினைந்து நிமிடம் பொறுங்கள். அந்தச் சொட்டைப் பாத்திரத்தில் திரும்ப ஊற்றவேண்டாம்.

வடிப்பதில் அவசரம் ஆகாது. வால்வைக் கால்வாசி மட்டும் திறந்து, கலங்கலாக வரும் முதல் இரண்டு மூன்று லிட்டரைக் குவளையில் பிடித்து, படுகை குழியாதபடி ஒரு தட்டின்மேல் மெதுவாகத் திரும்ப ஊற்றுங்கள். உமி படுகையாகப் படிய இந்த நேரம் தேவை. தெளிந்ததும் மெல்ல மெல்ல முழுதாகத் திறக்கலாம். தானியம் கிலோவுக்கு ஒரு லிட்டர் தண்ணீரைத் தனக்குள் பிடித்துக்கொள்ளும், அரை லிட்டர் அடியில் தங்கும். ஆகவே முதல் வடிப்பில் 8 லிட்டர் வரும். கொதிக்கவைக்கத் தேவை 25 லிட்டர். மீதி 17 லிட்டரை இரண்டாகப் பிரித்து, 8.5 லிட்டர் தண்ணீரை 82 டிகிரியில் தானியத்தின் நடுவே ஊற்றிக் கிளறுங்கள். சுவரில் நேரே படாமல் தானியத்தின்மேல் விழுவதால் இந்தச் சூட்டில் உட்சுவருக்கு ஆபத்து இல்லை, படுகை 75 டிகிரியை ஒட்டி நிற்கும். பத்து நிமிடம் விட்டு, மறுபடி கலங்கலைத் திரும்ப ஊற்றி வடியுங்கள். இன்னொரு முறையும் அப்படியே. படுகை ஏற்கெனவே சூடாக இருப்பதால் இம்முறை தண்ணீர் 76 டிகிரி போதும். 77 டிகிரியைத் தாண்டினால், அதிலும் தண்ணீர் காரத்தன்மை உள்ளதாக இருந்தால், உமியிலிருந்து துவர்ப்பு இறங்கிவிடும்.

சொட்டுச் சொட்டாக மேலே தெளித்துக்கொண்டே அடியில் வடிக்கும் முறையும் உண்டு. பின்னல் சல்லடைக்கு அது ஒத்துவராது. ஒரே குழாய் இழுப்பதால் தண்ணீர் அதை நோக்கிக் குறுக்குவழி பிடித்து இறங்கும், ஓரத்துத் தானியத்தின் சர்க்கரை அங்கேயே தங்கிவிடும். கிளறி வடிக்கும்போது இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. தெளிக்கும் முறைதான் வேண்டும் என்றால் துளைத்தட்டு வாங்கி, வடிப்பதற்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள்.

ஓட்டம் பாதியில் நின்றுபோவதுதான் எல்லோரையும் பயமுறுத்துவது. காரணம் பெரும்பாலும் அரைப்பில் இருக்கும். ரோலர் ஆலையின் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். உள்பருப்பு மூன்று நான்காக உடைந்து, உமி முழுதாக நிற்க வேண்டும். மிக்சியில் அடித்தால் உமியும் மாவாகிப் படுகை களியாகிவிடும். கோதுமை, ரை போன்ற தானியங்களுக்கு உமியே இல்லை. அவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் கழுவிய நெல் உமியைத் தானிய எடையில் 5 முதல் 10 சதவீதம் சேருங்கள். மேற்கத்திய பீர்க் கடைகளில் நெல் உமியைப் பொட்டலம் போட்டு விற்பது இதற்காகத்தான். நின்றே விட்டால், வால்வு திறந்திருக்கும்போதே வெளி ஹோஸ் வழியாக உள்நோக்கி ஊதிப் பின்னலின் அடைப்பை விலக்கி, வால்வை மூடி, கொஞ்சம் வெந்நீர் சேர்த்துப் படுகை முழுவதையும் கிளறி, பத்து நிமிடம் படியவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

வேலை முடிந்த அன்றே சக்கையை அள்ளிவிடுங்கள். மால்ட்டின்மேல் லாக்டிக் பாக்டீரியா எப்போதும் உண்டு, ஓர் இரவு விட்டால் புளித்த மாவு நாற்றம் ஏறும். வெந்நீரும் மெல்லிய துணியும் போதும். கம்பி நாரால் தேய்த்தால் விழும் கீறல்களில் அழுக்கு தங்கும். பின்னலைக் கழற்றி எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். குளோரின் பிளீச் எவர்சில்வரைக் குழிகுழியாக அரிக்கும், அதற்குப் பதில் சோடியம் பெர்கார்பனேட் கரைசல் பயன்படுத்தலாம். மூடியைத் திறந்துவைத்தே காயவிடுங்கள். கிருமிநீக்கம் தேவையில்லை, வோர்ட் அடுத்து ஒரு மணி நேரம் கொதிக்கத்தான் போகிறது. இதே கூலரில் நொதிக்கவும் வைக்கலாமா என்று சிலர் யோசிப்பார்கள். வேண்டாம். கொதித்து ஆறிய வோர்ட்டைத் தானியத் தூசி படிந்த பாத்திரத்தில் ஊற்றுவது கெட்டுப்போக வழிவிடுவது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, வயதுவந்தோர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள வீட்டில் 200 கேலன் பீர் சொந்தப் பயன்பாட்டுக்கு வரியின்றித் தயாரிக்கலாம். விற்கக்கூடாது, ஆவியாக்கிச் சாராயம் வடிக்கவும் கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருக்கிறது, வீட்டில் பீர் தயாரிப்பதும் குற்றமே. விடுமுறைக்குப் போகும்போது இந்தக் கூலரை அங்கே ஐஸ் தண்ணீருக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.